ஏழாவது பாரா

போன மாதம் இரண்டு ஜூனியர் வக்கீல்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் நாற்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்த அதே அலுவலகத்தில் இப்போது தொழில் பழகுகிறவர்கள். கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் மனுவுக்கு நான் ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருந்தேன். அது வேண்டுமாம்.

“கம்ப்யூட்டர்ல கேட்டா ரெண்டு நிமிஷத்துல மனு வந்துருது அண்ணாச்சி. ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி வருது. உங்க கோப்பைத்தான் கோர்ட்டுல எல்லாரும் சொல்லுதாங்க” என்றாள் அவர்களில் இருந்த பெண்.

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. ஓய்வு பெற்ற குமாஸ்தாவைத் தேடி யார் வருகிறார்கள்? பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் நாற்காலியிலேயே உட்கார்ந்து புரட்டினாள். திடீரென்று நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, ஏழாவது பாரா விட்டுப்போச்சே?”

“ஏழுன்னு நம்பர் இருக்குல்லா?”

“நம்பர் இருக்கு. கீழ ஒண்ணையும் காணோம்.”

“அது அப்படித்தாம்மா. அங்கன எதையும் எழுதிராத” என்றேன். அவள் விடவில்லை, காரணம் கேட்டாள். வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முன்னீர்பள்ளத்துக்காரன். பத்தாவது முடித்து, தட்டச்சு இரண்டு தேர்வும் எழுதி, பாளையங்கோட்டையில் மீரான் வக்கீலிடம் சேர்ந்தபோது எனக்கு வயது பத்தொன்பது. முதல் ஐந்து வருஷம் கேஸ் கட்டு சுமந்தேன், ஸ்டாம்பு ஒட்டினேன், தேதி வாங்கினேன், திட்டு வாங்கினேன். அதன்பிறகு பாளை கோர்ட்டில் எந்த மனு எந்த அலமாரியில் தூங்குகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். நான் எழுதிய மனுவைக் குறை சொல்லி, வழக்கு நம்பர் கொடுக்காமல் கோர்ட்டு ஆபீஸ் திருப்பி அனுப்பியது மொத்தமே மூன்று தடவை. அதில் இரண்டு தடவை தப்பு அவர்கள் பேரில்.

மீரான் சார் மேலப்பாளையத்துக்காரர். அவர் கட்சிக்காரரிடம் கதை கேட்கிற விதமே தனி. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். மே மாதமாக இருந்தாலும் சரி. விசிறிச் சத்தத்தில் பைய பேசுகிறவர்களின் பேச்சு காணாமல் போய்விடும் என்பார். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேனாவை எடுக்கக் கூடாது. “நாம எழுதுதோம்னு தெரிஞ்சா, எழுதுததுக்குத் தக்கன பேச ஆரம்பிச்சுருவாங்கவே” என்பார். பிறகு கேள்வி ஒன்றுதான் கேட்பார். “ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து.” அவ்வளவுதான். அந்த ஒரு நாளுக்குள் மொத்தக் குடித்தனமும் வந்துவிடும்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்னை எப்போதும் ‘நீரு, வாரும், போம்’ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ‘நீங்க’ என்பார். அந்த ‘நீங்க’ காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அவர் கேட்பார், நான் மனு எழுதுவேன். விவாகரத்து மனுக்கள் பெருகியபோது எனக்கு ஒரு குறுக்கு வழி பழகிப்போயிற்று. கல்யாணம் நடந்த இடம், குழந்தைகள், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த முகவரி, இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஏழாவது பாரா மட்டும் மாறாது. “எதிர்மனுதாரர் மனுதாரரைத் தகாத வார்த்தைகளால் திட்டியும், கையாலும் காலாலும் அடித்து உதைத்தும், கூடுதல் நகை கேட்டும் சொல்லொணாத் துன்பம் கொடுத்துவந்தார்.” படிக்க எப்படி இருக்கிறது? எனக்கு அதில் அத்தனை பெருமை. மற்ற ஆபீஸ் குமாஸ்தாக்களும் அதை வாங்கிப் போய்ப் போட்டார்கள். கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவர்களிடம் “ஏழாவது பாரா போடும்வே” என்றாலே போதும், காகிதத்தைப் பார்க்காமல் அடித்துத் தள்ளுவார்கள். அடி வாங்காதவர்களுக்கும் அது போகும். கொடுமை என்று ஒன்று மனுவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. பாதிக்கு மேல் சமரசத்தில் முடிந்துவிடும், யாரும் அந்தப் பாராவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கிரேஸ் டீச்சர் வந்தது அப்படி நான் தெம்பாக இருந்த காலத்தில். பிறந்த ஊர் ஏரல். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், பெயர் தேவசகாயம். பத்து வயதில் ஒரே மகள். முன்பெல்லாம் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கொடுமையை மட்டும் சொல்லி விவாகரத்துக் கிடைக்காது, கணவனுடைய தப்பான தொடர்பையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். சட்டம் திருத்தப்பட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது.

மீரான் சார் விசிறியை நிறுத்தச் சொன்னார். ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். டீச்சர் காலையில் இட்லி அவித்ததில் தொடங்கினார். சாயங்காலம் வரை ஒன்றுமே இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது.

“ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் சார். நல்ல வழக்கந்தான். ஏரல்ல எங்க வீட்டுலயும் உண்டு. ஒரு பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம், கால் மணி நேரத்துல முடிஞ்சுரும். இவுக ஜெபம் ஒரு மணி நேரம் போகும். நானும் மகளும் முழங்கால்ல நிக்கணும். ஜெபத்துல என்னையச் சொல்லுவாக.”

“என்ன சொல்லுவாங்க?”

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். “ஆண்டவரே, இந்த வீட்டில் பொய் நாவுள்ள ஒரு ஸ்திரீ இருக்கிறாள். குழம்பில் உப்புப் போட்டேன் என்று இன்றைக்குப் பொய் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாரோடு நின்று சிரித்தாள் என்பதை நீர் அறிவீர். அப்படியே போகும் சார். கடைசியில ஆமென்னு சொல்லிட்டு என்னையப் பார்ப்பாக. நானும் ஆமென் சொல்லணும். சொல்லலைன்னா மறுபடியும் முதல்ல இருந்து ஜெபிப்பாக. பதினோரு வருஷமா தினமும்.”

“நீங்க எதுத்துக் கேட்டதில்லையா?”

“கேட்டிருக்கேன். ‘நான் உங்கிட்டயா பேசினேன்? ஆண்டவர்கிட்டல்லா பேசினேன்’னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாக. மத்த நேரம் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வெளியில கேட்டா தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாங்க.”

டீச்சர் வக்கீலைத் தேடி வந்த காரணம் வேறு. ஒருநாள் மகளை ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார் தகப்பனார். அந்தப் பிள்ளை கண்ணை மூடி, “ஆண்டவரே, எங்கம்மா பொய் சொல்லாம இருக்கணும்” என்று ஜெபித்திருக்கிறது. மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு டீச்சர் ஏரலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

“எம் மக வளர்ந்து, எங்கம்மா பொய்க்காரின்னு நெனச்சுரக்கூடாது சார். எனக்கு அது ஒண்ணுதான்” என்றார்.

அவர் போனபிறகுதான் மீரான் சார் விசிறியைப் போடச் சொன்னார். “முத்து, அவங்க சொன்னதை அப்படியே எழுதும். ஒண்ணும் சேர்க்க வேண்டாம்” என்றார். அன்றைக்கே ஒரு வழக்குக்காக மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்விட்டார், ஒரு வாரம்.

நான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் சப்பென்று இருந்தது. ஜெபம் பண்ணினான் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டு கொடுமை என்று ஒத்துக்கொள்ளும்? எதிர்த்தரப்பு சிரித்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷ அனுபவம் எனக்கு. ஏழாவது பாராவைத் தூக்கி ஏழாவது இடத்தில் வைத்தேன். அப்போதுதான் மனு மனுவாகத் தெரிந்தது.

கையெழுத்துப் போட வந்த அன்று டீச்சர் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒரு இடத்தில் நிமிர்ந்தார்.

“அண்ணாச்சி, அடிச்சாங்கன்னு போட்டிருக்கே? அவுக அடிச்சதில்லையே.”

“அது சட்டத்துக்காகப் போடுதது டீச்சர். எல்லாருக்கும் போடுததுதான். நீங்க பாடம் நடத்துதீங்க, நான் வந்து குறுக்க பேசுதேனா? பேசாம போடுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, மீதிப் பக்கங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மதுரையில் இருந்து வந்த மீரான் சார், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தம் கையெழுத்தைப் போட்டார். எத்தனையோ வருஷம் சிவப்புப் பென்சிலோடு என் மனுவைப் படித்த மனிதர், அன்றைக்கு என்னை நம்பினார்.

குடும்ப நல நீதிமன்றத்தில் முதலில் கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். தேவசகாயம் வேதப் புத்தகத்தோடு வந்து, நான் பக்தியாக இருப்பது குற்றமா என்று கேட்டார். சமரசம் ஆகவில்லை. வழக்கு விசாரணைக்கு வந்தது. டீச்சர் தம் சாட்சியமாகக் கோர்ட்டில் கொடுக்க வேண்டிய சத்தியப் பத்திரத்தையும் நான்தான் தயாரித்தேன், மனுவைப் பார்த்து அப்படியே. டீச்சர் அதிலும் கையெழுத்துப் போட்டார்.

குறுக்கு விசாரணை நாள். நீதிபதி ஒரு பெண்மணி, எல்லாருக்கும் ஜட்ஜம்மா. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். ஜெபத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

“டீச்சர், கையாலயும் காலாலயும் அடிச்சு உதைச்சார்னு ஏழாவது பாராவுல சொல்லியிருக்கீங்க. எத்தனை தடவை அடிச்சார்?”

வக்கீல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆமாம் என்று சொல்லும்படி தலையை அசைத்தேன். இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவுக என்னைய அடிச்சதே இல்ல.”

“அப்போ ஏழாவது பாரா?”

“பொய்.”

“சத்தியம் பண்ணிக் கொடுத்த பத்திரத்துலயும் அதே இருக்கே. அதுவும் பொய்யா?”

“அதுவும் பொய்தான்.”

“வேற கேள்வி இல்லை” என்று வக்கீல் உட்கார்ந்தார். பின்பெஞ்சில் தேவசகாயம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. பதினோரு வருஷமாக அவர் ஆண்டவரிடம் சொல்லிவந்ததைப் பதிவேட்டில் ஏற்றிக் கொடுத்தவன் நான். வழக்குப் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், பொய்ச் சத்தியம் செய்ததாக டீச்சர்மேலேயே நடவடிக்கை வரலாம். வேலை போகலாம். அந்தப் பிள்ளையைத் தகப்பனிடம் கொடு என்று சொல்லலாம்.

அலுவலகத்துக்கு வந்ததும் மீரான் சார் எழுந்துபோய் அவரே விசிறியை நிறுத்தினார்.

“முத்து, நீங்க உக்காருங்க.”

கட்சிக்காரர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

“அந்த மனு எழுதுன நாளைச் சொல்லுங்க. காலையில எந்திரிச்சதுல இருந்து.”

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. டீச்சர் கேட்டதையும், நான் அவர் வாயை அடைத்ததையும், கோர்ட்டில் தலையாட்டியதையும் சொன்னேன். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது.

“படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதை ஜட்ஜம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். எழுதுனதை நீங்கதான் சொல்லணும். கூண்டுல ஏறி.”

“திருத்த மனு போட்டுப் பார்ப்போமே சார்?”

“மாட்டுனபொறவு திருத்துதாங்கன்னு சொல்லுவாங்க. டீச்சர் இன்னைக்குத் தனியா நின்னு உண்மையைச் சொல்லியிருக்காங்க. அவங்களைத் தனியாவே விட்டுருவோமா?” பிறகு கேட்டார், “இந்தப் பாராவோட நம்ம ஆபீஸ்ல எத்தனை கேஸ் நடக்கு?”

“ஒன்பது சார்.”

“ஒன்பது பேரையும் வரச் சொல்லுங்க.”

கட்சிக்காரர் சொன்னதை வக்கீலும் சரி, வக்கீல் குமாஸ்தாவும் சரி, அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது. டீச்சர் எழுத்துமூலம் சம்மதம் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். எத்தனையோ பேரை அவர் அப்படிக் கூப்பிட நான் கேட்டிருக்கிறேன். “சுடலைமுத்து” என்று சொல்லும்போது அவருக்கே குரல் தடுமாறியது. சத்தியம் செய்துவிட்டு, அந்தப் பாரா நான் வைத்தது, மனுதாரர் மறுத்தார், நான்தான் கையெழுத்துப் போடச் சொன்னேன் என்று சொன்னேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னை உரித்துவிட்டார். “டீச்சரோட விசாரணை நடக்கையில நீரு இங்கனதான இருந்தீரு? எல்லாத்தையும் கேட்டுட்டு அதுக்குத் தோதா வந்து சாட்சி சொல்லுதீரா?”

“இருந்தேன் சார். அவங்களைப் பொய் சொல்லச் சொல்லித் தலையாட்டவும் செஞ்சேன். அவங்க கேக்கலை.”

“அப்போ உம்ம தொழிலே பொய் எழுதுததுதானா?”

“ஏழாவது பாராவுல ஆமா சார்.”

“வெக்கமா இல்ல?”

“இருக்கு. அதான் ஏறி நிக்கேன்.”

ஜட்ஜம்மா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். வராந்தாவில் மற்ற குமாஸ்தாக்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் கட்டுகளிலும் என் பாரா இருந்ததல்லவா? மீரான் சார் வெளியே வந்து என் தோளைத் தட்டினார். “வாரும்வே, டீ குடிப்போம்.” எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தேதியில் தேவசகாயம் கூண்டில் ஏறினார். மனைவி சொல்வதெல்லாம் அபாண்டம், நான் பொதுவாகத்தான் ஜெபிப்பேன் என்றார். மீரான் சார் கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் எழுந்தார்.

“தினமும் சாயங்காலம் ஜெபம் உண்டு. இல்லையா?”

“உண்டு.”

“டீச்சர் சொல்லுத மாதிரி ஜெபிக்க மாட்டேன்னு சொல்லுதீங்க. நான் வேற மார்க்கத்துக்காரன், எனக்குத் தெரியாது. எப்படி ஜெபிப்பீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் காட்ட முடியுமா?”

எதிர்த்தரப்பு வக்கீல் குதித்து எழுந்தார். ஜட்ஜம்மா தேவசகாயத்தைப் பார்த்து, “விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்” என்றார்.

“ஜெபிக்க எனக்கு வெட்கம் இல்லை” என்றார் அவர். அவருடைய வக்கீல் வேண்டாம் என்று கையைக் காட்டியபோது கண்ணை மூடியாகிவிட்டது.

நல்ல குரல். இந்த நாளுக்காக நன்றி சொன்னார். மழைக்காக, ஆற்றில் தண்ணீர் ஓடுவதற்காக, நீதியின் ஆசனத்தில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார். எனக்கே கைகூப்பலாம் போல இருந்தது. மீரான் சார் தப்புக் கணக்குப் போட்டுவிட்டாரோ என்று பயந்தேன். பிறகு அந்தக் குரல் பைய இறங்கியது.

“ஆண்டவரே, இந்த அறையில் பொய் நாவுள்ள ஒரு ஸ்திரீ இருக்கிறாள். தன் வாயாலேயே பொய் என்று ஒத்துக்கொண்டாள். அவள் யாரோடு பேசினாள், யார் சொல்லிக் கொடுத்துப் பேசினாள் என்பதை நீர் அறிவீர்…” என்று போய்க்கொண்டே இருந்தது. யாரும் தடுக்கவில்லை. ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“ஆமென்” என்று முடித்துக் கண்ணைத் திறந்தார். ஜட்ஜம்மாவைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை. நேராகக் கிரேஸ் டீச்சரைப் பார்த்தார். காத்திருந்தார்.

டீச்சர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதடு திறக்கவில்லை. தேவசகாயம் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம்…”

முதலில் இருந்து ஆரம்பித்தார். மழை வந்தது, ஆறு வந்தது.

“போதும், இறங்குங்க” என்றார் ஜட்ஜம்மா. தேவசகாயத்தின் காதில் விழவில்லை. டவாலி போய்த் தோளைத் தொட வேண்டியிருந்தது.

“வேற கேள்வி இல்லை” என்றார் மீரான் சார்.

விவாகரத்துக் கிடைத்தது. மகள் தாயிடமே இருக்கலாம் என்றும் உத்தரவாயிற்று. எனக்கும் தீர்ப்பில் இரண்டு வரி இருந்தது, என் வேலையைக் கண்டித்து. வாங்கிக்கொண்டேன். எங்கள் ஒன்பது மனுக்களிலும் அவரவர் கதையைத் திரும்பக் கேட்டு, உள்ளதை மட்டும் வைத்துத் திருத்தினோம். அன்றிலிருந்து என் மாதிரியில் ஏழு என்ற எண் மட்டும் நிற்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதற்காக விட்டிருக்கும் இடம் அது.

தீர்ப்பின் சான்று நகல் வாங்க டீச்சர் தனியாக வந்தார். எங்கள் ஆபீஸ் நோட்டில், பெற்றுக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து வாங்குவது வழக்கம். நோட்டைத் திறந்து இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன்.

“இங்கன ஒரு கையெழுத்து, டீச்சர்.”

“இருங்க அண்ணாச்சி. படிச்சுட்டுப் போடுதேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை, நின்றபடியே முதல் பக்கத்தில் இருந்து படித்தார். கடைசிக்கு முந்தின பக்கத்தில் நின்றுவிட்டார். அது எந்த வரி என்று எனக்குத் தெரியும், நானும் அதைப் பல தடவை படித்திருந்தேன். ‘தமக்கே பாதகம் என்று தெரிந்தும், தம் மனுவில் உள்ள பொய்யைப் பொய் என்று சொன்ன இந்த மனுதாரரின் சாட்சியத்தை இந்த நீதிமன்றம் முழுமையாக நம்புகிறது.’ டீச்சர் அதை இரண்டு தடவை, வாய்விட்டுப் படித்தார்.

“இதை எம் மகளைப் படிக்கச் சொல்லணும்” என்றார்.

பிறகு மீதி ஒன்றரைப் பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தார். நான் பேனாவை நீட்டியபடியே நின்றிருந்தேன்.